எசன் சுவரின் ஏழாவது இடம்

1

ஜேர்மனியில், எசன் நகரின் வடக்கே, நான் வேலைக்குப் போக ட்ராம் ஏறும் தரிப்பிடத்துக்கு எதிரே, நீளமான ஒரு சுவர் இருக்கிறது. அதில் ஏழு பேரின் ஓவியங்கள் இருக்கின்றன. ஏழாவது இடத்தில் என் முகம் இருந்திருக்க வேண்டும்.

நேற்று அந்தச் சுவருக்கு ஒரு வயது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் வடையும் கேக்கும் கொண்டுவந்தார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து பேசினார். நான் ட்ராமுக்குக் காத்திருக்கும் ஆளைப்போலத் தள்ளி நின்று பார்த்தேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஒரு வருடமாக, "சுவர் வேலை இன்னும் முடியவில்லை, இங்கே ஒரே மழை" என்று சொல்லிவந்தேன். நேற்று மாலை அந்தப் பொய்யை முடித்துக்கொண்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறார். இருவருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரம் சித்தியடைந்து, கொழும்பில் டொய்ச், அதாவது ஜேர்மன் மொழி படித்து, முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்காக எசனுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. பயிற்சியை முடித்து இப்போது அதே இல்லத்தில் வேலை செய்கிறேன். இதையெல்லாம் நான் எங்கும் கூச்சமில்லாமல் சொல்வேன். ஒரே ஒரு பகுதியைத் தவிர.

வந்த புதிதில் தமிழ்ச் சங்கத் தலைவர் தயா அண்ணை என்னை விசாரித்தார். நல்ல மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இப்போது மின்சார வேலை செய்கிறவர்.

"தங்கச்சி, ஊரில எவடம்?"

"கண்டிப் பக்கம்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"ஒரு எஸ்டேட் ஒஃபிசில வேலை."

அப்பா அந்த ஒஃபிசின் படியைக்கூட ஏறியதில்லை. சம்பள நாளில் அதன் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்.

2

சுவர் வரைய வந்தவர் லூசியா. மெக்சிக்கோவின் தெற்கே ஒரு சிறிய ஊரைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். குள்ளமான உருவம், உரத்த சிரிப்பு, ஸ்பானிய வாசனையோடு வேகமாக உருளும் டொய்ச். எசனில் உழைத்த மக்களைப் பற்றி அந்தந்தச் சமூகத்தாருடன் சேர்ந்து சுவரோவியம் செய்யும் திட்டம் ஒன்றில், ஒரு சுவர் நம் சங்கத்துக்கு வந்தது. சங்கத்துக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். "எங்கட படிச்ச பிள்ளை" என்று தயா அண்ணை அறிமுகப்படுத்தினார். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

முதல் நாளே லூசியா தன் நாட்டுக் கதையைச் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் மெக்சிக்கோவில் புரட்சி ஓய்ந்தபோது, பெரும்பாலானவர்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அரசாங்கம் தன் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தது. ஓவியர்கள் சங்கம் அமைத்து, தாங்களும் தொழிலாளிகள் என்று சொல்லிக்கொண்டு சாரத்தில் ஏறினார்கள். கல்வி அமைச்சின் சுவரில் சுரங்கத்தில் இறங்குகிறவன், கரும்பு வெட்டுகிறவன், தரையில் உட்கார்ந்து பாடம் சொல்லும் கிராமத்து ஆசிரியை. வாசிக்கத் தெரியாதவர் அங்கே போனால் தன்னைத் தானே பார்க்கலாம்.

"என் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒன்று இருந்தது. ஒரு பெண் முழங்காலில் நின்று கல்லில் சோளம் அரைப்பாள். என் அம்மாவைப் போலவே. பாடம் விளங்காத நாட்களில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பள்ளிக்கூடம் எங்களுடையதுதான் என்று தோன்றும்" என்றார் லூசியா.

அதை அழகாகத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஓவியம் இருந்தது. தோட்டத்தை நடத்திய கம்பனி அன்பளிப்பாக வரைந்து கொடுத்தது. கம்பனியின் சின்னம், அதற்குக் கீழே பனிக்கட்டி மேல் நிற்கும் நான்கு பென்குவின். மழையில் நனைந்து பாடம் படித்த நாங்கள் ஏன் பென்குவினைப் பார்க்கவேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவை அழகாக இருந்தன.

அம்மாவின் படம் எங்கே இருக்கிறது தெரியுமா? இங்கே சுப்பர்மார்க்கெட்டில், தேயிலைப் பெட்டியில். முதுகில் கூடையோடு ஒரு பெண் சிரிக்கிறாள். கூடைக் கயிறு தோளில் மாட்டியிருக்கிறது, பள்ளிக்கூடப் பையைப்போல. எங்கள் அம்மாக்களுக்குக் கயிறு தலையில் இருக்கும். கூடை நிறைய நிறையக் கழுத்து பின்னால் இழுபடும். அந்த நேரத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

லூசியாவிடம் ஒருநாள் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்: "அத்தனை சுவர் வரைந்தீர்களே, என்ன மாறியது?"

அவர் கோபிக்கவில்லை. "சோளம் அரைத்தவர்கள் இன்னும் அரைக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தச் சுவருக்குக் கீழேதான் கூடினார்கள். வேறு எங்கே போய்க் கூடுவது?"

எங்கள் ஆட்கள் பென்குவினுக்குக் கீழே கூடியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

3

லூசியாவிடம் இரண்டு விதிகள் இருந்தன. சுவரில் ஏறுபவர் வேலை செய்து பிழைக்கும், உயிரோடிருக்கும் ஒருவராக இருக்கவேண்டும். தலைவர்கள் இல்லை, தெய்வங்கள் இல்லை. இரண்டாவது, கதை சொல்பவர் தாய்மொழியில்தான் சொல்லவேண்டும். இரவல் மொழியில் மனிதர்கள் அலுவலகத்தில் கேட்பதற்கு மட்டுந்தான் பதில் சொல்வார்கள் என்பது அவருடைய எண்ணம்.

முதல் கூட்டத்தில் தயா அண்ணைக்கு முதல் விதி பிடிக்கவில்லை.

"அப்ப ஒரு பிள்ளையாரும் ஏலாதோ?"

மொழிபெயர்த்தேன். "அவர் என்ன வேலை செய்கிறார்?" என்று லூசியா கேட்டார்.

"தடையளை நீக்கிறவர்."

"சம்பளச் சீட்டு இருக்கிறதா?"

மண்டபம் சிரித்தது. தயா அண்ணையும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மன்னார் மீனவர், மிளகாய்த் தோட்டக்காரர், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர் என்று பெயர்கள் வரத் தொடங்கின. ஏழு உருவங்கள்தான் முடியும். நகரசபைக்குக் கொடுத்த அன்ட்ராக்கில், அதாவது விண்ணப்பத்தில், அந்த எண்ணிக்கைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது.

ஆறு இடம் நிரம்பிய பிறகு நிரோஜா எழுந்தாள். எசனிலேயே பிறந்தவள், இருபத்திரண்டு வயது, லூசியாவுக்கு வண்ணம் கலந்து கொடுப்பவள். "தேயிலை பறிக்கிற அம்மாமாரையும் போடுவமே? கடையில தேத்தண்ணிப் பெட்டியில இருப்பினமே."

தயா அண்ணை பொறுமையாகச் சொன்னார்: "அது எங்கட ஆக்கள் இல்லைப் பிள்ளை. அவை இந்தியாவில இருந்து கொண்டுவந்த சனம். தோட்டக்காட்டுச் சனம். அது வேற கதை."

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அரசாங்கக் கடிதத்தில் வருவதுபோல் சுத்தமான டொய்ச்சில், "இது வேறொரு சமூகத்தைப் பற்றிய விடயம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றும் ஆச்சரியம்.

"அந்தச் சமூகத்தவர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேள்" என்றார் லூசியா.

நான் சபையைப் பார்த்துக் கேட்டேன். நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. நான் லூசியாவிடம் திரும்பிச் சொன்னேன்: "ஒருவரும் இல்லை."

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது இடத்துக்கு ஆளைத் தேட, மண்டபத்தின் பக்கத்து அறையில் ஒவ்வொருவராக வந்து கதை சொன்னார்கள். அறையில் கதை சொல்பவர், லூசியா, நான் மட்டும். லூசியா கேட்டுக்கொண்டே சிறிய புத்தகத்தில் கீறிக்கொண்டிருப்பார்.

நிரோஜா தன் அம்மா மலர் அக்காவை அழைத்துவந்து வாசலில் விட்டாள். அவரை நான் சங்கத்தில் முன்பே அறிவேன். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர்.

"அம்மா, வெக்கப்படாமல் வடிவாச் சொல்லுங்கோ என்ன" என்றாள் நிரோஜா. பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி: "என்ட அம்மா இல்லாட்டி அந்த ஆஸ்பத்திரி நாறும், தெரியுமோ?" எல்லோரும் சிரித்தார்கள். மலர் அக்கா, "போடி, ட்ராமைத் தவறவிடப்போறாய்" என்று அவள் தலையில் தட்டினார்.

இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இத்தனை பேர் நடுவே தன் தாய் நிலம் துடைப்பதை இப்படிச் சொல்கிறாள். அவளைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை. வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மலர் அக்கா சொன்னது இது:

"வந்த புதிசில எனக்கு டொய்ச் ஒண்டும் தெரியாது. கிளீன் பண்ணுற பெண்டுகள் வாளி வைக்கிற அறைக்குள்ளதான் சாப்பிடவேணும் எண்டு அங்க ஒரு பழக்கம். ஒரே மருந்து மணம். ஒருநாள் எனக்கு விசர் வந்திட்டுது. புட்டுப் பெட்டியோட நேர கன்டீனுக்குப் போய் நடு மேசையில இருந்திட்டன். மேற்பார்வைக்காரி ஓடிவந்து கத்துறா. எனக்குத் தெரிஞ்சது ஒரேயொரு வசனம், குட்டன் அப்பெற்றிட். நல்லாச் சாப்பிடுங்கோ எண்டு. அதைச் சொன்னன். அவ இன்னும் கத்துறா. நான் திருப்பியும் குட்டன் அப்பெற்றிட் எண்டு போட்டுப் புட்டைக் குழைக்கிறன். பக்கத்து மேசையில ஒரு டொக்டர் சிரிச்சுப்போட்டு எனக்கும் அதையே சொன்னார். அவ போயிட்டா. அடுத்த நாள் ஒரு துருக்கிப் பெண் வந்து எனக்குப் பக்கத்தில இருந்தா. அடுத்த கிழமை அஞ்சு பேர். பிறகு அந்த வாளி அறைக்குள்ள ஒருத்தரும் சாப்பிடேல்லை."

சொல்லும்போது கைகள் பெட்டியைத் திறந்தன, புட்டைக் குழைத்தன, மேசையைத் தட்டின. எனக்கு எங்கள் அம்மா மலையில், செடிகளுக்கு நடுவே நின்றபடி ரொட்டியைக் கடிப்பது ஞாபகம் வந்தது. அவர் எந்தக் கன்டீனிலும் போய் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்திருந்தாலும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

லூசியா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இருபத்தேழு வருடமாக மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். வேலையில் திருப்தியாக இருக்கிறார்."

"அவ்வளவுதானா? நிறைய நேரம் பேசினாரே."

"தமிழ் நீளமான மொழி" என்றேன்.

5

இரண்டு நாள் கழித்து லூசியா சொன்னார்: "ஏழாவது இடத்துக்குக் கேட்டவற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாயே, நீயே நில்."

எனக்கு மறுக்கத் தெரியாமல் இல்லை. மறுக்கவில்லை.

இல்லத்துச் சீருடையோடு நின்றேன். லூசியா என் முகத்தைப் பெரிய தாளில் கீறினார். பிறகு கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போடவேண்டும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் மூட்டையால் தட்டினால், கோடு புள்ளிகளாகச் சுவரில் இறங்கும். மெக்சிக்கோவிலும் அப்படித்தான் செய்வார்களாம். என் தாளை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துளை போட்டேன். புருவத்துக்கு மட்டும் ஒரு முழு மாலை ஆனது.

அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"செவுத்துலயா புள்ள? எலெக்சனுக்குத் தலைவருங்க படம் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதவிடப் பெருசும்மா. மழ பேஞ்சாலும் அழியாது."

 அம்மா அடுத்த நாள் காலை வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வைத்து, கங்காணியிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு மிச்சமில்லை.

6

கரித்தூள் தட்டுவதற்கு முதல் நாள் நான் சுவரடியில் தனியாக நின்று, என் முகம் வரப்போகும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மலர் அக்கா வேலை முடிந்து அந்த வழியாக வந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"என்ன ஈஸ்வரி, உம்மட முகமாமே வருது?"

"ஓம் அக்கா."

"வடிவா இருக்கும்." சாரத்தின் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தார். "இருபத்தேழு வருசம் நான் இந்த நாட்டில. திருப்தி எண்ட சொல்லு டொய்ச்சில என்னெண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீர்?"

துணியைக் கீழே வைத்தேன்.

"அந்த அறைக்குள்ளேயே எனக்கு விளங்கினது. நிரோஜாவுக்குச் சொல்லேல்லை. சொன்னா அவள் உம்மை உயிரோட விடமாட்டாள். ஏன் செய்தனீர் எண்டு மட்டும் சொல்லும்."

நான்கு வருடமாகப் பழகிய யாழ்ப்பாணப் பேச்சு அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. "எங்க அம்மா கொழுந்து பறிக்கிறவங்க" என்றேன். "நா கண்டியில்ல. தோட்டந்தான்."

அணைத்துக்கொள்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அதுக்கு? உம்மட அம்மாவை நீர் ஒளிச்சுப்போட்டு, என்னை ஏன் அழிச்சனீர்?"

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ட்ராமில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

7

அன்று மாலை கூட்டம் இருந்தது. லூசியா என் தாளை மேசைமேல் விரித்து எல்லோருக்கும் காட்டினார். துளைகளின் ஊடாக வெளிச்சம் வந்தது. உண்மையிலேயே நல்ல முகம். நான் எழுந்து, மலர் அக்கா சொன்னதை முதலில் டொய்ச்சில் முழுவதும் சொன்னேன், புட்டுப் பெட்டி, டொக்டர், துருக்கிப் பெண் எதையும் விடாமல். அதற்குப் பதிலாக அன்று நான் சொன்ன இரண்டு வசனத்தையும் சொன்னேன். பிறகு தமிழில், "முதல் கூட்டத்தில தோட்டத்து ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டன். இருந்தது நான்" என்றேன்.

தயா அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, நீர் தோட்டமே தங்கச்சி?"

"ஆமா" என்றேன். ஓம் என்று சொல்லவில்லை.

 அன்றிலிருந்து அவர் என்னிடம் கொஞ்சம் கூடுதல் மரியாதையாகப் பேசுகிறார். அது தூரமா நெருக்கமா என்று இன்னும் தெரியவில்லை. நிரோஜா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. லூசியா தன் சிறிய புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். முழுவதும் கைகள். பெட்டியைத் திறக்கும் கை, குழைக்கும் கை, மேசையைத் தட்டும் கை. "திருப்தியான பெண்ணின் கைகள் இப்படி இருக்காதே என்று யோசித்தேன். ஆனால் உன்னை நம்பினேன். மூன்று வாரமாக உன் வாயால்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றார்.

மொழிபெயர்ப்பு நிரோஜாவிடம் போனது. ஏழாவது இடம் மலர் அக்காவிடம் போனது. எட்டாவதாகத் தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று லூசியா நகரசபையில் கேட்டார். புதிய அன்ட்ராக் போடவேண்டும், பல மாதம் ஆகும் என்றார்கள். சாரம் அந்த மாதக் கடைசி வரைதான் நின்றது. முதல் கூட்டத்திலேயே நான் கை தூக்கியிருந்தால் ஏழு பேருக்குள் ஒருவராக இருந்திருப்பார் அம்மா.

கடைசி நாளுக்கு முதல் நாள் மலர் அக்கா சுவரைப் பார்க்க வந்தார். கன்டீன் மேசை நடுவே, புட்டுப் பெட்டியோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தன்னையே நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே நிரோஜாவிடம் சொன்னார்: "புட்டு விக்கப்போகுது. மேசையில ஒரு தேத்தண்ணி வைக்கச் சொல்லு. அதை அவ கீறட்டும். சாயம் பிழைச்சா நானே அழிச்சுப்போடுவன்."

கோப்பையையும் தேநீரையும் நான் வரைந்தேன். சிவப்பும் மண்ணிறமும் கலந்து ஐந்து முறை முயன்றேன். மலர் அக்கா அழிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

8

ஒரு வருடம் அந்தத் தரிப்பிடத்தில் நின்று தினமும் பார்த்திருக்கிறேன். ஆட்கள் மலர் அக்காவின் படத்துக்கு முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள் நான்கைந்து பேர் ஒருநாள் வந்து, சுவரடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைப் பெட்டியிலிருந்தே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் எரிகிறது. துளை போட்ட தாள் சுருட்டியபடி என் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

நேற்று மாலை ஏழாவது இடத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் அழைத்தார்.

"இது நீ இல்லியே."

"இல்லம்மா."

"தெரியிது. ஒம் மூக்கு இப்படியா இருக்கு. யாரு அந்தம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கண்டி, ஒஃபிஸ், "ஒருவரும் இல்லை" என்று சொன்னது, இரண்டு வசனம்.  அம்மாவின் பக்கத்தில் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது.

"எங்கள இல்லேன்னுட்டியா?" என்றார் கடைசியில்.

 பிறகு அவரே படத்துக்குத் திரும்பினார்.

"அந்தத் தேத்தண்ணி யாரு வரஞ்சது?"

"நாந்தாம்மா."

"சாயம் சரியா இருக்கு." சற்றுப் பொறுத்து, "ஆனா ஆறிப்போன மாதிரி இருக்கு. ஆவி வரைய வேணாமா?"

"மறந்துட்டேன்."

மறுபடி மழைச் சத்தம். அழைப்பை முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"அது எங்க இருக்கு?"

"இங்கதாம்மா. அவங்க கூடத்தான். ஒரே வீடு."

"குடுத்து வச்சவ" என்றார் அம்மா.

அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஒரு வருடமாக அந்தத் தரிப்பிடத்தில் நின்று மலர் அக்காவைப் பார்த்து எனக்குள் நான் கேட்டுவந்த அதே குரல்.